‘தமஸ்’ தொடரும் அதற்குத் தடை கேட்டவர்களும்

(ஆட்டையாம்பட்டியில் இளைஞர்களும் வணிகர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

   

மஃரிபுக்குப் பின் தொடங்கிய கூட்டத்தை இஷாவுக்குள் முடித்துவிட வேண்டும் என்று தலைவர் அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே வாழ்த்துரை, வரவேற்புரை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

1988ஆம் ஆண்டு ஜனவரி மாதம். இந்த நாட்டில் அப்போது தொலைக்காட்சி என்றால் தூர்தர்ஷன் மட்டும்தான். இன்று இங்கே உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களில் பாதிப்பேர் அன்று பிறந்திருக்கவே மாட்டீர்கள். டயனோராவோ சாலிடேரோ ஒரு பெட்டி இருக்கும் வீட்டில் தெருவே கூடி உட்கார்ந்திருக்கும் காலம். ஞாயிறு காலையில் ‘ராமாயண்’ ஓடிக்கொண்டிருந்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாதவர்களும் அதைப் பார்த்தார்கள் என்பது உங்கள் தகப்பனார்களைக் கேட்டால் தெரியும். அந்த வேளையில்தான், ஜனவரி 9ஆம் தேதி சனிக்கிழமை, ‘தமஸ்’ என்ற தொடர் ஆரம்பமானது. தமஸ் என்றால் இருட்டு.

நம் பகுதியில் உருது பேசும் குடும்பங்களுக்கு அந்த வசனம் புரிந்தது. தமிழ் மட்டுமே பேசும் ராவுத்தர் வீடுகளில் பக்கத்து வீட்டு உருதுக்கார பாய் பாதியை மொழிபெயர்ப்பார். மீதியை முகங்களைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனாலும் அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு மொழியே வேண்டியதில்லை. ஒரு மனிதன் இரவு முழுக்க ஒரு பன்றியைக் கொல்லப் போராடுகிறான். அவ்வளவுதான். அதைப் பார்த்ததும் நம்மில் பலர் பெட்டியை அணைத்தார்கள். அணைத்தவர்கள்தான் பிறகு அதிகம் கோபப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்!

அந்தக் கதை என்ன?

பஞ்சாபில் ஓர் ஊர். 1947, நாடு பிரிவதற்குச் சில மாதங்கள் முன்பு. நத்து என்பவன் செத்த மாட்டின் தோல் உரிக்கும் ஏழைத் தொழிலாளி. நம் சமுதாயத்தில் தோல் மண்டி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த மண்டிக்குத் தோல் கொண்டுவந்து போட்ட ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள், நத்து அவர்களில் ஒருவன். ஒரு ஒப்பந்தக்காரர் அவன் கையில் 5 ரூபாயைத் திணித்து, ‘கால்நடை மருத்துவருக்கு ஒரு பன்றி வேண்டுமாம், கொன்று கொடு’ என்கிறார். பெரிய மனிதர் சொல்கிறார், மறுக்க முடியுமா? செய்து கொடுக்கிறான். விடிந்ததும் அந்தப் பன்றி பள்ளிவாசல் படிக்கட்டில் கிடக்கிறது. அன்றைக்கே ஊர் பற்றிக்கொள்கிறது. தானியச் சந்தை எரிகிறது. பக்கத்துக் கிராமங்களுக்கும் தீ பரவுகிறது. தன் கையால் ஆனது இது என்று தெரிந்தும் யாரிடமும் சொல்ல முடியாமல், கர்ப்பிணி மனைவியை அழைத்துக்கொண்டு நத்து ஓடுகிறான். நத்துவாக ஓம் பூரி நடித்திருந்தார். அந்த முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கதையை எழுதியவர் பீஷ்ம சாஹ்னி. 1915இல் ராவல்பிண்டியில் பிறந்தவர். 1947 மார்ச்சில் அந்த ராவல்பிண்டி வட்டாரத்தில் நடந்த கலவரத்தை நேரில் கண்டவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியாவுக்கு வந்தவர். ஆனால் அவர் உடனே எழுதிவிடவில்லை. 1970இல் மகாராஷ்டிர மாநிலம் பிவண்டியில் கலவரம் நடந்தது. அங்கே அழிந்து கிடந்தது முஸ்லிம்களின் வீடும் தறியும். நம் ஊரைப் போலவே பிவண்டியும் தறி ஊர், இன்னும் பெரியது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே நடந்தபோதுதான் அவருக்குத் தன் சொந்த ஊர் ஞாபகம் வந்தது. அதாவது, முஸ்லிம்களால் துரத்தப்பட்ட ஊரிலிருந்து வந்த ஓர் இந்து எழுத்தாளருக்கு, முஸ்லிம்களின் தறிகள் எரிந்த ஊரைப் பார்த்தபோது எழுதத் தோன்றியது. இதைவிட அந்த மனிதரைப் பற்றி நான் சொல்ல என்ன இருக்கிறது? நாவல் 1974இல் வந்தது. மறு ஆண்டு சாகித்ய அகாதமி விருது பெற்றது. வெங்கட் சாமிநாதன் மொழிபெயர்ப்பில் தமிழிலும் இருக்கிறது.

நாவல் புத்தகமாக இருந்த வருஷங்களில் பெரிய சத்தம் எதுவும் எழவில்லை. படித்தவர்கள் படித்தார்கள். கோவிந்த் நிஹலானி அதைத் தொலைக்காட்சிக்கு எடுத்ததும்தான் நாடு எழுந்து உட்கார்ந்தது. புத்தகத்தை நாம் தேடிப் போகிறோம். தொலைக்காட்சி நம் கூடத்துக்குள் வந்து, தாய்மார்களும் குழந்தைகளும் இருக்கும் இடத்தில் பேசுகிறது.

இரு தரப்பிலும் ஒரே மனு

பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? இதுதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம். பா.ஜ.க.வும் அதைச் சார்ந்த அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தன. தூர்தர்ஷன் அலுவலகங்களின் முன்னால் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அவர்களுடைய ஆட்சேபம் என்ன? ஒரு வயதான ஆசான் இந்து இளைஞர்களைக் கூட்டி வைத்துக்கொண்டு, மனம் கல்லாக வேண்டும் என்பதற்காக ஒரு கோழியை அறுக்கச் சொல்லும் காட்சி அதில் வருகிறது. ‘எங்களை இப்படிக் காட்டலாமா’ என்றார்கள். நம் தரப்பின் ஆட்சேபம் என்ன? பள்ளிவாசல் படியில் பன்றி. கிராமங்களில் சீக்கியர்களைத் துரத்துகிறவர்கள் முஸ்லிம்கள். ‘எங்களை இப்படிக் காட்டலாமா’ என்று நாமும் கேட்டோம். இரண்டு மனுக்களிலும் பெயரை மட்டும் மாற்றினால் போதும், வாசகம் ஒன்றே!

பம்பாயைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் சகோதரர்தான் முதலில் உயர்நீதிமன்றத்துக்குப் போனார். இதை ஒளிபரப்பினால் மறுபடியும் கலவரம் வரும் என்பது அவருடைய அச்சம். நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். பிவண்டியையும் பம்பாயையும் 1984இல் மீண்டும் பார்த்த மனிதருக்கு அந்த அச்சம் நியாயமானதுதான். தனி நீதிபதி தடை விதித்தார். நீதிபதி லெண்டினும் நீதிபதி சுஜாதா மனோகரும் கொண்ட அமர்வுக்கு மேல்முறையீடு போனது. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வக்கீல்களின் வாதத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லவில்லை. தொடர் முழுவதையும், கிட்டத்தட்ட 5 மணி நேரத்தை, உட்கார்ந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தடையை நீக்கினார்கள். பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் நச்சு மருந்தால் நோயாளிகள் இறந்ததை விசாரித்து, பெரிய பெரிய மனிதர்களின் முகத்திரையைக் கிழித்தாரே, அதே லெண்டின் அவர்கள்தான்.

பிறகு ரமேஷ் என்பவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அது ‘ரமேஷ் எதிர் இந்திய ஒன்றியம்’ என்ற வழக்காகி, 1988 பிப்ரவரியில் நீதிபதிகள் சபியசாச்சி முகர்ஜியும் ரங்கநாதனும் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். ஆக, ஜாவேத்களும் கேட்டார்கள், ரமேஷ்களும் கேட்டார்கள். இருவரும் அஞ்சியது ஒன்றைத்தான்.

அந்தத் தீர்ப்புகளில் இரண்டு விஷயங்களை நம் இளைஞர்கள் மனதில் வைக்க வேண்டும். ஒரு படம் கெட்டதா இல்லையா என்று அளக்க, எதைப் பார்த்தாலும் ஆபத்து என்று நடுங்குகிறவனின் கண்ணை அளவுகோலாக வைக்கக்கூடாது. நியாயமும் திடமும் உள்ள சாதாரண மனிதனின் கண்ணை வைக்க வேண்டும் என்றார்கள். அடுத்தது, எழுதப் படிக்கத் தெரியாதவன் பார்த்தால் தூண்டப்பட்டுவிடுவான் என்ற வாதத்தை பம்பாய் நீதிபதிகள் ஏற்கவில்லை. படிப்பில்லாதவனுக்கும் புத்தி உண்டு, தூண்டிவிடுகிறவனின் சூழ்ச்சி திரையில் தெரிந்தால் அவனுக்கும் புரியும் என்றார்கள். நம் மேடைகளில் ‘பாமர மக்கள் ஏமாந்துவிடுவார்கள்’ என்று நாமே எத்தனை முறை பேசியிருக்கிறோம்! என் அனுபவத்தில் பாமரன் அவ்வளவு சீக்கிரம் ஏமாறுவதில்லை. வட்டிக்கடை பற்றிய விளம்பரத்தில் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் பட்டதாரிகள்தான்.

யாரும் பேசாத காட்சி

சரி, தடை கேட்டவர்கள் பார்க்காமல் விட்டது எது? அந்தப் பன்றியைக் கொல்லச் சொன்ன ஒப்பந்தக்காரரை! நாடு முழுக்க பன்றியைப் பற்றிப் பேசியது, படிக்கட்டைப் பற்றிப் பேசியது. 5 ரூபாய் கொடுத்தவனைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. கதையின் கடைசியில் ஊரில் அமைதி ஊர்வலத்துக்கு ஒரு பேருந்து கிளம்புகிறது. ஒலிபெருக்கி கட்டி, ‘ஒற்றுமை ஓங்குக’ என்று முழங்குகிறார்கள். அந்தப் பேருந்தில் முன்னால் நின்று கோஷம் போடுகிறவர் யார் என்றால் அதே ஒப்பந்தக்காரர்! வணிகப் பெருமக்களே, கலவரம் முடிந்தபின் அமைதிக் கமிட்டியில் முதல் நாற்காலி யாருக்குக் கிடைக்கிறது என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இன்னொரு காட்சியையும் சொல்லியே ஆக வேண்டும். ஹர்னாம் சிங் என்ற முதிய சீக்கியர். அவர் மனைவி பந்தோ. முஸ்லிம் கிராமத்தில் தனியாக ஒரு டீக்கடை வைத்துப் பிழைக்கிறார்கள். கலவரச் செய்தி வந்ததும் கடையைப் போட்டுவிட்டு இரவோடு இரவாக நடக்கிறார்கள். கடை எரிகிற வெளிச்சம் பின்னால் தெரிகிறது. விடியும் நேரத்தில் வேறொரு கிராமத்தில் ஒரு கதவைத் தட்டுகிறார்கள். திறந்தவர் ராஜோ என்ற முஸ்லிம் தாய். வீட்டில் ஆண்கள் இல்லை. எங்கே போயிருக்கிறார்கள்? கொள்ளைக்கு! கொஞ்ச நேரத்தில் அவர்கள் ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். அது ஹர்னாம் சிங்கின் பெட்டி. பூட்டை உடைக்கத் தொடங்கும்போது அந்தக் கிழவர் வெளியே வந்து, ‘உடைக்க வேண்டாம், சாவி என்னிடம் இருக்கிறது’ என்று எடுத்துக் கொடுக்கிறார்.

அந்த வீட்டுக்காரருக்கும் ஹர்னாம் சிங்குக்கும் முன்பே பழக்கம் உண்டு. முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கூசிவிடுகிறது. மகனோ கோடரியை எடுக்கிறான், ஓங்கியும் விடுகிறான், இறக்க முடியவில்லை. ஆளைத் தெரியாதபோது கொல்வது சுலபமாக இருக்கிறது, தன் வீட்டு மோரைக் குடித்தவனைக் கொல்ல முடியவில்லை. இரவானதும் ராஜோ அந்த இருவரையும் ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டு, பெட்டியில் இருந்த நகைகளையும் திருப்பிக் கொடுக்கிறார். ராஜோவாக நடித்தவர் சுரேகா சிக்ரி. அந்த நடிப்புக்கு தேசிய விருது கிடைத்தது. ஹர்னாம் சிங்காக நடித்தவர் யார் தெரியுமா? கதையை எழுதிய பீஷ்ம சாஹ்னியேதான்!

இந்தக் காட்சியில் நமக்கு வலிக்கிற இடம் இருக்கிறது. கொள்ளையடித்தவர்களும் நம்மவர்கள், காப்பாற்றியவரும் நம்மவர், அதுவும் ஒரே வீட்டுக்குள். 1947 மார்ச்சில் ராவல்பிண்டி கிராமங்களில் சீக்கியர்களுக்கும் இந்துக்களுக்கும் நடந்தது கொடுமை. சீக்கியப் பெண்கள் மானத்துக்கு அஞ்சிக் கிணற்றில் குதித்ததும் நடந்தது. தோஹா கால்சா என்ற ஊரின் பெயர் இன்றும் அதற்காகவே நினைக்கப்படுகிறது. அதே ஆண்டு ஆகஸ்டுக்குப் பின் கிழக்கு பஞ்சாபில் முஸ்லிம்களுக்கு நடந்ததும் கொடுமை. ஒரு கோடிக்கும் மேற்பட்ட மக்கள் அகதிகளாக எல்லை கடந்தார்கள். இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவன் வரலாறு பேசவில்லை. ‘எங்களை நல்லவர்களாக மட்டும் காட்டு’ என்று நாம் கேட்டால், அதையே கேட்கும் அடுத்த வீட்டுக்காரனுக்கு என்ன பதில் சொல்வோம்?

திப்புவும் மகாபாரதமும்

‘அதெல்லாம் சரி பாய், நம்மைப் பற்றி நல்லதாக எடுத்தாலும் விடுவதில்லையே’ என்று ஒரு தம்பி முன்வரிசையில் முணுமுணுக்கிறார். அதுவும் உண்மைதான். 1990இல் ‘திப்பு சுல்தானின் வாள்’ வந்தது. சஞ்சய் கான் எடுத்தது. அதற்கு மூலக்கதை எழுதியவர் பகவான் கித்வானி என்ற சிந்தி இந்து. 1989 பிப்ரவரி 8ஆம் தேதி மைசூரில் பிரிமியர் ஸ்டுடியோவில் நடந்த தீ விபத்தில் அந்தப் படப்பிடிப்பில் இருந்தவர்கள் 62 பேர் கருகிப்போனார்கள். சஞ்சய் கானே உடல் வெந்து மாதக்கணக்கில் மருத்துவமனையில் கிடந்தார். இவ்வளவு உயிரைக் கொடுத்து எடுத்த தொடருக்கும் எதிர்ப்பு. கடைசியில் ஒவ்வொரு வாரமும் ‘இது நாவலைத் தழுவிய கற்பனை’ என்ற அறிவிப்போடுதான் ஒளிபரப்பானது. நம் வீடுகளில் அந்த வரிகள் வரும்போதெல்லாம் பெரியவர்கள் பல்லைக் கடித்தார்கள். திப்பு இந்த மண்ணுக்கு அந்நியர் அல்லவே! 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் கும்பெனிக்குக் கைமாறிய சீமைதான் நாம் நிற்கிற இந்தச் சேலம் சீமை. திப்புவோடு சேர்ந்து நின்ற தீரன் சின்னமலையை 1805இல் வெள்ளையர் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ஆனால் அந்த நாட்களிலேயே இன்னொன்றும் நடந்தது. ‘மகாபாரத்’ தொடருக்கு வசனம் எழுத பி.ஆர். சோப்ரா அழைத்தது ராஹி மாசூம் ரஸாவை. காஜிப்பூர்க்காரர், நம்மவர். முதலில் அவர் மறுத்துவிட்டார். ‘மகாபாரதத்தை எழுத ஒரு முஸ்லிம்தானா கிடைத்தான்’ என்று எதிர்ப்புக் கடிதங்கள் வந்ததும், அப்படியானால் நானே எழுதுகிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். நாடே அந்த வசனத்தைக் கேட்டது. கடிதம் எழுதியவர்களும் கேட்டிருப்பார்கள்! எதிர்ப்புக்கு எழுதிக் காட்டிப் பதில் சொல்வது என்பது இதுதான்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1987இல் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்ற படம். இட ஒதுக்கீட்டைத் தாக்குகிற படம் என்று எதிர்ப்பு எழுந்தது. பிற்பட்டோர் ஒதுக்கீட்டில் நமக்கும் பங்கு உண்டு என்பதால் அந்தப் படத்தின் கருத்தில் எனக்கு உடன்பாடே கிடையாது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1989 மார்ச்சில் தீர்ப்பு. ‘கலவரம் வரும், ஆர்ப்பாட்டம் நடக்கும் என்று பயமுறுத்துவதற்காக ஒரு கருத்தை அடக்க முடியாது, வன்முறையைத் தடுப்பது அரசின் கடமை, முடியாது என்று அரசு கைவிரிக்க முடியாது’ என்பது அதன் சாரம். அந்தத் தீர்ப்பில் தமஸ் வழக்கையும் எடுத்துக் காட்டினார்கள். இன்று வரை தணிக்கை வழக்கு எது வந்தாலும் இந்த இரண்டு பெயரும் வக்கீல்கள் வாயில் வரும்.

இதெல்லாம் தெரிந்தும் 2013 ஜனவரியில் ‘விஸ்வரூபம்’ வந்தபோது நாம் என்ன செய்தோம்? தடை கேட்டோம். அரசு 144 போட்டு இரண்டு வாரம் நிறுத்தியது. பேச்சுவார்த்தை நடந்து, சில இடங்களில் ஒலியை நீக்கி, பிப்ரவரி 7இல் படம் வந்தது. திரையரங்கில் கூட்டம் அலைமோதியது. நம் மனம் புண்பட்டது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு வாரத்தில் தொலைக்காட்சி விவாதங்களில் பேசப்பட்டது அந்தப் படம் நம்மை எப்படிக் காட்டியது என்பதா, நாம் படத்தை நிறுத்தியது என்பதா? 2023இல் ‘தி கேரளா ஸ்டோரி’ வந்தபோது வேறு மாதிரி நடந்தது. 32,000 பெண்கள் என்று அவர்கள் அடித்துவிட்ட கணக்குக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டார்கள். உச்ச நீதிமன்றம் மேற்கு வங்கத்தின் தடையை நிறுத்தி வைத்தது. அதே நேரத்தில், அந்த எண்ணிக்கைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை என்ற அறிவிப்பைப் படத்தில் போட வைத்தது. தடை தோற்றது, கேள்வி ஜெயித்தது. எனக்கு இந்த இரண்டாவது வழிதான் உசத்தியாகப் படுகிறது.

வெள்ளைக்காரன் நாட்டிலே

வெளிநாட்டில் இதைப் பார்த்தவர்கள் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். 1977இல் அமெரிக்காவில் ‘ரூட்ஸ்’ என்ற தொடர் 8 இரவுகள் ஓடியது. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட குண்ட்டா கிண்ட்டே என்ற முஸ்லிம் இளைஞனிலிருந்து தொடங்கும் கதை. கடைசி இரவில் சுமார் 10 கோடிப் பேர் பார்த்தார்கள். 2009இல் பி.பி.சி. ‘ஸ்மால் ஐலண்ட்’ என்ற தொடரை ஒளிபரப்பியது. ஆண்ட்ரியா லெவி எழுதிய நாவல். ஜமைக்காவைச் சேர்ந்த கில்பர்ட் என்பவர் இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேவை செய்தவர். போர் முடிந்தபின், 1948இல், பிழைப்புத் தேடி லண்டனுக்கு வருகிறார். அந்த வருஷம் ஜூன் 22ஆம் தேதி ‘எம்பயர் விண்ட்ரஷ்’ என்ற கப்பல் மேற்கிந்தியத் தீவுகளின் மக்களைக் கொண்டுவந்து டில்பரி துறைமுகத்தில் சேர்த்தது. லெவியின் தந்தையே அதில் வந்தவர்தான். சீருடையில் இருந்தவரை ‘வாங்க தம்பி’ என்றவர்கள், சீருடையைக் கழற்றியதும் கதவைச் சாத்தினார்கள். வேலை இல்லை. முக்கியமாக, வாடகைக்கு வீடு இல்லை! கறுப்பர்களுக்கு இல்லை என்று ஜன்னலிலேயே எழுதி வைத்தார்கள். அன்று அது சட்டப்படி குற்றமும் அல்ல. 1968இல்தான் வீடு, வேலை விஷயத்தில் நிறபேதம் காட்டுவதைச் சட்டம் தடுத்தது.

தம்பிமார்களே, சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலைக்குப் போனவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தரகர் வீட்டைக் காட்டுவார், முன்பணம் பேசுவார், பெயரைக் கேட்டதும் ‘வீட்டுக்காரர் சைவம் பாருங்க’ என்பார். நமக்கு இது கதை அல்ல. நம் அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு அரசையும் கடை, ஓட்டல், கிணறு போன்ற பொது இடங்களையும் கட்டுப்படுத்துகிறது. தனியார் வீட்டுக்காரர் சாவியை யாருக்குக் கொடுப்பார் என்பதை அது தொடவில்லை. 2005இல் பார்சி வீட்டுவசதிச் சங்கம் ஒன்று தன் சமூகத்தாருக்கு மட்டுமே இடம் என்று வைத்த விதியை உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. ஒரு திரைப்படம் நம்மைத் தீவிரவாதியாகக் காட்டினால் தெருவுக்கு வருகிறோம். நம் பிள்ளைக்கு வீடு கிடைக்காததற்கு ஒரு மனுவாவது எழுதியிருக்கிறோமா?

அந்தத் தொடரைப் பார்த்த வெள்ளையரில் பலர் ‘ஐயோ, அந்தக் காலத்தில் இப்படியா’ என்று வருந்தியிருப்பார்கள். அந்தக் காலம் என்ன அந்தக் காலம்! 2018இல் வெளியானது, குழந்தையாகப் பெற்றோரோடு வந்து அறுபது வருஷம் அங்கேயே உழைத்தவர்களைப் பார்த்து ‘உன் தாளைக் காட்டு’ என்று அந்த நாட்டு உள்துறை கேட்டிருக்கிறது. அவர்கள் வந்ததற்கான அட்டைகளை அதே உள்துறைதான் 2010இல் அழித்திருந்தது! வேலை போனவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் உண்டு. அமைச்சர் ஆம்பர் ரட் பதவி விலகினார். தாள், பத்திரம், பிறப்புச் சான்று என்பதெல்லாம் நமக்கும் பழக்கமான வார்த்தைகள்தான். அதற்கு மேல் நான் இங்கே விளக்கத் தேவையில்லை.

கையிலிருக்கும் மனு

இப்போது நம் இளைஞர்கள் கையில் வைத்திருக்கும் மனுவுக்கு வருகிறேன். இன்னும் வெளிவராத ஒரு படம். நம்மிடம் இருப்பது செல்போனில் சுற்றும் இரண்டரை நிமிட முன்னோட்டம். அதை வைத்து ஆட்சியரிடம் தடை கேட்பதாகவும், வெள்ளிக்கிழமை கடையடைப்பு நடத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாள் அடைத்தால் மளிகைக்காரருக்கும் முறுக்குக்காரருக்கும் என்ன நஷ்டம் என்பது அவரவருக்குத் தெரியும். அது பெரிதல்ல என்று வைத்துக்கொள்வோம். அடைக்காத கடையை அடைக்கச் சொல்லி நம் பையன் போய் நிற்கும்போது நடக்கப்போகும் வாய்த் தகராறை யார் தாங்குவது? 1997 நவம்பர் கடைசியில் கோவையில் கடைகள் சூறையாடப்பட்டபோது, எத்தனையோ வருஷ வியாபாரம் ஒரு பகலில் தெருவுக்கு வந்தது. அப்போது மனு எழுதியவர்களும் கோஷம் போட்டவர்களும் அந்தக் கடைக்காரர்களுக்கு முதல் போட்டுக் கொடுத்தார்களா?

அந்த மனுவில் முதல் பாராவை, அதாவது தடை கேட்பதை, எடுத்துவிடுங்கள் என்பது என் கருத்து. இரண்டாவது பாராவை வைத்துக்கொள்ளுங்கள்: படம் வெளியாகும் நாட்களில் பள்ளிவாசல், கடைவீதி பகுதிகளில் பாதுகாப்புக் கேட்பது நம் உரிமை. படத்தைச் சாக்காக வைத்து மேடையில் யாராவது நம் சமுதாயத்தையே இழிவாகப் பேசினால் அதைப் பதிவு செய்து புகார் கொடுப்பதும் உரிமை. படம் வந்ததும் நாலு பேர் போய் முழுதும் பாருங்கள். பொய்யான கணக்கோ, நடக்காத சம்பவமோ இருந்தால் எந்த நிமிடத்தில் என்று குறித்துக்கொண்டு வாருங்கள். வழக்கறிஞரிடம் நானே அழைத்துப் போகிறேன். லெண்டினும் சுஜாதா மனோகரும் உட்கார்ந்து பார்த்தார்களே, நாம் பார்க்கக் கூடாதா?

‘நம் காசைக் கொடுத்து நம்மைத் திட்டும் படத்தைப் பார்ப்பதா’ என்று மளிகைக்கடை பாய் கேட்கிறார். நியாயமான கேள்வி. பார்க்க மாட்டேன் என்பது அவருடைய உரிமை. அதில் யாரும் தலையிட முடியாது. பார்க்காமல் மனுவில் கையெழுத்துப் போடுவதுதான் வேறு விஷயம். ஆளுக்கு ஒரு டிக்கெட் காசை ஜமாஅத் நிதியில் எடுக்கக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன், அது என் பொறுப்பு.

கடைசியாக ஓர் அறிவிப்பு. தமஸ் தொடரை முழுதாகப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. 5 மணி நேரம் என்பதால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பிரித்திருக்கிறோம், லுஹருக்குப் பிறகு. தாய்மார்களுக்கு மேல்மாடியில் தனி இடம். உருது தெரிந்தவர்கள் ஒரே வரிசையில் கூடி உட்காராமல் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். கடைவீதியில் நம்மோடு வியாபாரம் செய்கிற முதலியார், செட்டியார், கவுண்டர் வீட்டு அன்பர்களையும் கூப்பிட்டிருக்கிறோம். இரண்டு பேர் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பன்றி வரும் காட்சி ஆரம்பத்திலேயே வருகிறது, சுமார் பத்து நிமிடம். அதைப் பார்க்கப் பிடிக்காதவர்கள் வெளியே நின்று டீ குடித்துவிட்டு உள்ளே வரலாம், எழுந்து வீட்டுக்குப் போய்விடாதீர்கள். வஸ்ஸலாம்.